சட்டைக்காரம்மா வீடு

"முகத்தை வெளுப்பாக்காத," என்றான் சேரன். "அவங்க அந்தக் கலர் இல்ல."

ஆகாஷ் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். ஆண்டர்சன்பேட்டையில் அந்த நேரத்துக்குத் திறந்திருந்த ஒரே பிளெக்ஸ் கடை அதுதான். அதுவும் தெரிந்தவர் ஒருவர் போன் செய்து எழுப்பியதால் திறந்தது. ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு, தூக்கம் கலையாத கண்ணோடு உட்கார்ந்திருந்தான் ஆகாஷ். இருபத்திரண்டு வயதிருக்கும்.

"லைட்டா பிரைட்னஸ் ஏத்தினேண்ணா. அடிச்சு வர்றப்போ இருட்டா ஆயிடும், அதுக்குத்தான்."

"சரி, சீக்கிரம் ஆவட்டும்."

திரையில் அம்மா இருந்தாள். யாருடைய கல்யாணத்திலோ எடுத்த படம். பக்கத்தில் நின்றவர்களை வெட்டி எடுத்துவிட்டு, பின்னால் நீல வானத்தையும் இரண்டு வெள்ளைப் புறாக்களையும் ஆகாஷ் கொண்டுவந்து வைத்திருந்தான். இரண்டரை மணி நேரத்துக்கு முன்னால் சேரன் பெங்களூர் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். டிபன் பாக்ஸைப் பையில் வைக்கும்போது மனைவி கயல்விழி உள்ளே இருந்து வந்து, "அத்தை எழுந்திரிக்க மாட்டேங்கிறாங்க, கொஞ்சம் வாங்களேன்" என்றாள். அந்தக் குரலிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அப்போதிருந்து அவன் ஓரிடத்தில் நிற்கவில்லை. டாக்டரை அழைத்து வந்தான், ஐஸ் பெட்டிக்குச் சொன்னான், ஷாமியானாவுக்குச் சொன்னான். நின்றால் ஏதோ ஒன்று வந்து மேலே விழுந்துவிடும் போலிருந்தது.

"பேரு சொல்லுங்கண்ணா."

"ஈவ்லின் சுப்பிரமணி. வயசு எழுபத்தி நாலு. நாலு மணிக்கு எடுக்கறோம்."

"கீழ பிராக்கெட்ல இன்னா போடணும்?"

"இன்னா பிராக்கெட்?"

"எல்லாரும் போடுவாங்கண்ணா. சைக்கிள் கடை ராஜின்னு, எலிகாப்டர் தாஸுன்னு. அதப் பாத்தாதான ஜனங்களுக்கு ஆளு தெரியும். உங்கம்மாவ இன்னான்னு கூப்டுவாங்க?"

"ஈவ்லின்னுதான் கூப்டுவாங்க," என்றான் சேரன்.

பொய். சாம்பியன் ரீப்ஸில் அவர்கள் இருந்த தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைனில் ஒருவரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. இளமையில் சட்டைக்காரி, வயதான பிறகு சட்டைக்காரம்மா. கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கும் கரண்ட் பில் கொடுக்கிறவருக்கும் அது சட்டைக்காரம்மா வீடு. வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் இந்த மண்ணின் தாய்க்கும் பிறந்து வழிவழியாய் வந்தவர்களுக்கு எந்தக் காலத்திலோ ஊர் வைத்த பெயர் அது. மற்றவர்கள் வெறும் உடம்போடு நடமாடிய காலத்தில் அவர்கள் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு திரிந்தார்களாம். பிறகு எல்லோரும் சட்டை போட்டுக்கொண்டார்கள். பெயர் மட்டும் அவர்கள் மேலேயே தங்கிவிட்டது.

அம்மாவோ சேரனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சேலைதான் கட்டினாள். நிறத்தில் கயல்விழியைவிடக் கறுப்பு. கண்மணி மட்டும் தேன் நிறத்தில் இருக்கும். சேரன் அவளை மம்மி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான்காம் வகுப்பில் ஆஸ்டின் என்கிற பையன் அவனுக்கு 'அரைச்சட்டை' என்று பெயர் வைத்தான். அம்மா சட்டைக்காரி, அப்பா ஆள் வேறு, அப்படியானால் நீ பாதிச் சட்டைதானே என்பது கணக்கு. வகுப்பே சிரித்தது. சேரன் ஒரு கல்லை எடுத்து எறிந்தான். ஆஸ்டினுக்குப் புருவம் கிழிந்து மூன்று தையல் போட்டார்கள். அன்றைக்கு மம்மி அம்மா ஆனாள். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

"அப்போ பிராக்கெட் வேணாம்?" என்றான் ஆகாஷ்.

"வேணாம்."

வீட்டுக்கு வந்தபோது ஐஸ் பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. லைன் வீட்டின் முன்னறை சிறியது. பெட்டிக்கு இடம் வேண்டுமென்று தையல் மெஷினைத் தூக்கி வெளியே ஷாமியானாவுக்குள் வைத்திருந்தார்கள். சுரங்கத்தை மூடிய வருடம் அம்மா அதை வாங்கினாள். ஐம்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து யூனிபாரம், சட்டை, பேண்ட் என்று தைத்துத்தான் அந்த நாட்களை ஓட்டினாள். அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு நைனா உட்கார்ந்திருந்தார். சேரனின் அப்பா சுப்பிரமணிக்கு எழுபத்தொன்பது வயது. முப்பது வருடம் பூமிக்குள் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. கல்தூசு அடைத்த நெஞ்சு, நாலு வார்த்தை பேசினால் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கும்.

உள்ளே சத்தம் கேட்டது. பெங்களூரிலிருந்து டாக்ஸி பிடித்து இசபெல்லா வந்திருந்தாள். அம்மாவின் தங்கை. எழுபது வயது, முழங்காலுக்குக் கீழே இறங்கும் சாம்பல் நிற கவுன், தோளில் கைப்பை. சேரன் அவளைப் பார்த்தது மொத்தம் மூன்று தடவைதான். இந்த வீட்டு வாசலை அவள் மிதித்தது இதுதான் முதல் தடவை.

இசபெல்லா கையில் மடித்த கவுன் ஒன்று இருந்தது. இள நீலம், வெள்ளை லேஸ் காலர்.

"அவ எங்க ஊட்டுப் பொண்ணு. ஞானஸ்நானம் ஆன பொண்ணு," என்றாள். "நாப்பது அம்பது வருஷம் உங்க மாதிரி இருந்தா. போறப்போவாவது எங்க மாதிரி போகட்டும்."

"ஆன்ட்டி, பெட்டியில வெக்கறதுக்குள்ள சேலை கட்டணும்," என்றாள் கயல்விழி. "பச்சை சேலை எடுத்து வெச்சிருக்கேன். அவங்களுக்குப் புடிச்சது."

"இது புடிக்காதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

குளிப்பாட்ட வந்த பெண்கள் ஈரக் கையோடு நின்றார்கள். சேரன் அறைக்குள் போகாமல் வாசலிலேயே நின்று, "இன்னாத்துக்கு இப்போ இதெல்லாம்?" என்றான். குரல் அவன் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. "அவங்க பிராக் போட்டு நான் பாத்ததே இல்ல. இருக்கறப்போ வரல. இப்போ துணி எடுத்துக்கினு வந்திருக்கீங்க."

இசபெல்லா அவனைப் பார்த்தாள். 

நைனா எழுந்து வந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"சேலை கட்டுன்னு நான் சொன்னதில்ல," என்றார். "கல்யாணத்துக்கு மறுநாளு அவளாத்தான் கடைக்குப் போயி வாங்கினு வந்தா. யாருகிட்டயோ கேட்டுக் கட்டிக்கினா. நான் கட்டிவுட்டிருந்தா அவுக்கச் சொல்லலாம்." நின்றார். "நான் கட்டிவுடலியே."

அவ்வளவுதான். திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

இசபெல்லா கவுனை மறுபடி மடித்தாள். மடித்ததையே இரண்டாவது தடவையும் மடித்தாள். பெண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, சேரனிடம் மெதுவான குரலில் பேசினாள்.

"உங்கப்பாவுக்குத் தெரியாது. எதுக்குக் கட்டினான்னு எனக்கு லெட்டர்ல எழுதினா. சேலை கட்டினா இங்க யாரும் சட்டைக்காரின்னு கூப்ட மாட்டாங்கன்னு நெனச்சாளாம்." கைப்பையைத் திறந்து மூடினாள். "எங்க தாத்தாவுக்குக் கம்பெனி புக்ல யூரேஷியன்னு போட்டிருந்தானுங்க. அப்புறம் அதை அடிச்சிட்டு ஆங்கிலோ இந்தியன்னு எழுதினானுங்க. புக்கு மாறும் மேன். ரோட்டுல போனா எப்பவும் அந்த ஒரு பேருதான். அதுல இருந்து தப்பிக்கத்தான் அவ உங்கப்பாவைக் கட்டிக்கிட்டான்னு டாடி திட்டுவாரு."

"இங்கயும் அதேதான கூப்ட்டாங்க," என்றான் சேரன்.

"தெரியும்."

அவன் வெளியே வந்தான். கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று ஷாமியானாவின் நாலு கம்பங்களையும் ஆட்டிப் பார்த்தான். அவனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. போன வருடம் அம்மா யாரிடமோ போனில், "ஆமாங்க, சட்டைக்காரம்மாதான் பேசறேன்" என்றாள். அவன் போனைப் பிடுங்காத குறையாகக் கத்தினான். உனக்குன்னு ஒரு பேரு இருக்குதும்மா, அதைச் சொல்ல இன்னா கஷ்டம்? அம்மா வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். ஊசியை எடுத்துவிட்டு, "அவங்களுக்குப் புரியணுமில்ல" என்றாள்.

பதினொரு மணிக்கு பேனர்கள் வந்தன. வீட்டு முன்னால் ஒன்று, ரயில்வே ஸ்டேஷன் போகிற முனையில் ஒன்று, ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டில் ஒன்று. வெளுப்பாக்காதே என்று சொல்லியும் ஆகாஷ் அம்மாவை வெளுப்பாக்கித்தான் அனுப்பியிருந்தான். ரோஜா நிறக் கன்னத்தோடு புறாக்களுக்கு நடுவே யாரோ ஒரு துரைசானி சிரித்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாயிற்று. ஒரு மணியாயிற்று. ஷாமியானாவுக்குள் நாற்பது நாற்காலி போட்டிருந்தது. பக்கத்து வீட்டார், நைனாவோடு வேலை செய்த இரண்டு பெரியவர்கள், குளிப்பாட்டிய பெண்கள், இசபெல்லா. வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலை ரயிலிலேயே பெங்களூர் போயாகிவிட்டது. லைனில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. மீதியில் பாதிப் பேர் புதிதாகக் குடிவந்தவர்கள்.

"யாருமே வரலியே," என்றாள் கயல்விழி. "தூக்கறதுக்காவது ஆள் வேணுமில்ல."

"பேனர் வெச்சாச்சு. போன் பண்ணியாச்சு. இன்னும் இன்னா பண்ணச் சொல்ற?"

"நான் உங்கள ஒண்ணும் சொல்லலீங்க."

சேரன் பைக்கை எடுத்தான். எங்கே போகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஸ்டேஷன் முனைக்கு வந்து நிறுத்தினான். பேனரின் நிழலில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், கையில் துணிப்பை. பூதிகோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கியவள் போலிருந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேனரை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தாள்.

"அண்ணா, சட்டைக்காரம்மா ஊட்டுக்கு இப்படிக்கா போனா கிட்டவா, இல்ல ஸ்கூலாண்ட சுத்திப் போவணுமா? எப்பவும் எங்க ஊட்டுக்காரரு வண்டியில கூட்டினு வருவாரு. வழி மறந்துட்டேன்."

சேரன் வண்டியிலிருந்து இறங்கவில்லை. "எதுக்கு?"

"அவருக்கு செக்யூரிட்டி வேலை கெடச்சிருக்குது. யூனிபாரம் சட்டை ரெண்டு தெக்கணும். வேற எடத்துல குடுத்தா தோளு தூக்கினு நிக்குது. இவங்க கையி அளவெடுத்தா அளவுதான்."

"சட்டைக்காரம்மான்னு ஏன் சொல்றாங்க, தெரியுமா உனக்கு?"

அவன் ஏன் அதைக் கேட்டான் என்று பிறகு நெடுநேரம் யோசித்தான். அந்தப் பெண் இது என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தாள்.

"சட்டை தெக்கறாங்க. சட்டைக்காரம்மான்றாங்க. பூ விக்கறவங்கள பூக்காரம்மான்றதில்லையா?"

"வேற ஏதாச்சும் கேள்விப்பட்டிருக்கியா? அவங்க இன்னா ஆளுங்க, அந்த மாதிரி?"

"அவங்க இந்த லைன் ஆளுங்கதான? எனக்குத் தெரியாதுண்ணா. நான் இருவது வருஷமா குடுக்கறேன். என் கல்யாணத்துக்கு ஜாக்கெட்டு கூட அவங்கதான்." அவள் குரல் தாழ்ந்தது. "ஏண்ணா, இன்னா ஆச்சு?"

சேரன் பேனரைக் காட்டினான்.

அவள் மறுபடி நிமிர்ந்து பார்த்தாள். இந்தத் தடவை நீலவானத்தையும் புறாக்களையும் தாண்டி, கண்ணையே பார்த்தாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "யாரோன்னு நெனச்சேனே," என்றாள். "இதுங்கீழயே நின்னுக்கினு இருந்தேனே."

அவள் பெயர் மரியா. அவளை வண்டியில் ஏற்றி வீட்டு முனையில் இறக்கிவிட்டு, சேரன் நேராக மைக் செட் மனோகரின் கடைக்குப் போனான். சர்ச் கூட்டம், தண்ணீர் வராது என்கிற அறிவிப்பு, சாவு எல்லாவற்றுக்கும் மனோகரின் ஆட்டோதான் சுற்றும். தலைக்கு மேல் இரண்டு ஸ்பீக்கர். மனோகர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"இன்னான்னு சொல்லணும்?"

"ஈவ்லின் சுப்பிரமணின்னு..."

"மார்க்கெட்ல பேனர் பாத்தேன். யாருன்னு தெரியல. அது உங்க ஊடா? நீ டிம்பர் சுப்பிரமணி மவன் இல்ல?" அவர் கை ஈரத்தோடு நின்றுவிட்டது. "டேய். சட்டைக்காரம்மாவாடா?"

சேரன் தலையாட்டினான்.

"அதச் சொல்லாம ஈவ்லினு சோவ்லினுன்னா எவனுக்குடா தெரியும்?" மனோகர் ஆட்டோவில் ஏறினார். ஸ்டார்ட் செய்துவிட்டு, மைக்கை வாய்க்குக் கொண்டுபோனவர் என்ன நினைத்தாரோ, பின்சீட்டுப் பக்கம் நீட்டினார். "எனக்கு வாயி வரமாட்டேங்குது. நீயே சொல்லு. நான் ஓட்டறேன்."

மைக் கனமாக இருந்தது. முதல் தெரு வந்தது. சேரன், "அன்பார்ந்த பொதுமக்களே" என்று ஆரம்பித்தான். தன் குரல் சுவர்களில் மோதித் திரும்பி வருவதைக் கேட்டு நிறுத்திக்கொண்டான். ஆட்டோ நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரு வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். நாற்பத்தைந்து வயதுவரை அவன் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. யாராவது சொன்னால் காது சூடாகும். இப்போதும் சூடாயிற்று.

"சாம்பியன் ரீப்ஸ்," என்றான். "சாம்பியன் ரீப்ஸ் சட்டைக்காரம்மா, காலையில தவறிட்டாங்க." எச்சில் விழுங்கினான். அதுவும் ஸ்பீக்கரில் கேட்டது. "எங்க அம்மா. நாலு மணிக்கு எடுக்கறோம்."

அரிசி புடைத்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

இரண்டாவது தெருவில் கொஞ்சம் சுலபமாக இருந்தது. மூன்றாவது தெருவில் அவன் நிறுத்தாமல் சொன்னான். மார்க்கெட்டுக்கு வந்தபோது கடைகளிலிருந்து ஆட்கள் இறங்கி ரோட்டுக்கு வந்தார்கள். "எப்போ? எப்படி?" என்று ஒருவர் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார். பிளெக்ஸ் கடை வாசலில் ஆகாஷ் நின்றிருந்தான். "அண்ணா, அவங்களா?" என்று கத்தினான். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணா. எனக்கு பத்தாவது வரைக்கும் அவங்கதான் யூனிபாரம்..." ஆட்டோ போய்விட்டதால் மீதி கேட்கவில்லை.

மூன்றரைக்கு லைனில் கால் வைக்க இடமில்லை. நாற்பது நாற்காலியும் நிறைந்து, எதிர்வீட்டுப் படி, பக்கத்துச் சந்து, மூடிக் கிடந்த வீடுகளின் வாசல் எல்லாம் ஆள். சிலர் மாலை கொண்டுவந்திருந்தார்கள், சிலர் வெறுங்கையோடு வந்து கண்ணாடி மேல் கையை வைத்துவிட்டு நகர்ந்தார்கள். மரியா தையல் மெஷினின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நைனாவின் பழைய கூட்டாளிகள் இரண்டு பேரும் புதிதாக வந்தவர்களோடு அந்தப் பெயரைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"தெக்கறதாலன்னு யாருடா சொன்னது? அவங்க பரம்பரையே சட்டைக்காரங்கதான். துரைங்க வழி."

"போங்க பெரியப்பா. அந்தம்மா மூஞ்சிய பாத்து துரை வழின்னு சொல்வாங்களா?"

"ஏண்டா, பேப்பர் காட்டட்டுமா உனக்கு? சுப்பிரமணி, சொல்லேன்யா."

நைனா யார் பக்கமும் திரும்பவில்லை. "ரெண்டுந்தான்னு வெச்சுக்கோயேன்," என்றார்.

சேரன் அங்கிருந்து நகர்ந்தான். இரண்டாக இருந்தால் அவன் அவமானப்பட்டதெல்லாம் எந்தக் கணக்கு என்று கேட்கத் தோன்றியது. இருபது வருடமாக ஒரு தலைமுறையே வேறொரு அர்த்தத்தில் அவளைக் கூப்பிட்டிருக்கிறது. அம்மாவுக்கு அது தெரிந்திருக்கும். போனில் சிரித்தாளே, அதற்கு அர்த்தம் அதுதானா, இல்லை முதலாவது பெயரையே பொறுத்துக்கொண்டு சிரித்த சிரிப்பா? கேட்டிருக்கலாம். அவன் கத்திவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

கூட்டத்தில் வழி விலக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். தொப்பை, பாதி நரைத்த தாடி, இடது புருவத்தின் நடுவே முடியில்லாத வெள்ளைக் கோடு. ஆஸ்டின். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. சேரனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"கல்ப் போறப்போ இன்டர்வியூவுக்கு சட்டை இல்லடா எனக்கு. அம்மாதான் ஒரே ராத்திரியில தச்சுக் குடுத்தாங்க. இன்னும் வெச்சிருக்கேன், இப்போ பத்தாது." முதுகில் தட்டிக்கொண்டே இருந்தான். "எந்தப் பக்கம் தோளு குடுக்கணும், சொல்லு."

அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை என்பது சேரனுக்குப் புரிந்தது. அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வானோ. சேரன் வாயைத் திறந்தான்.

"முன்னாடி புடி," என்றான்.

நைனா வழிப் பௌத்த முறைப்படி பஞ்சசீலம் சொன்னார்கள். இசபெல்லா ஒரு ஓரமாக நின்று உதடசைத்து வேறு எதையோ சொல்லிக்கொண்டு, கடைசியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பச்சைச் சேலையோடு அம்மாவைத் தூக்கினார்கள். இடுகாடு, தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைட் மண்மேட்டுக்கு அந்தப் பக்கம். காற்று அடிக்கும்போதெல்லாம் மேட்டிலிருந்து மாவு போன்ற தூள் கிளம்பி எல்லோர் மேலும் படிந்தது. தூக்குகிறவர்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். ஒருவர் தோளிலிருந்து எடுப்பதற்குள் அடுத்தவர் வந்து நின்றார். சேரன் மட்டும் மாறவில்லை. குழி நிறையும்வரை அவனும் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான். கடைசிக் கைப்பிடி மண்ணைப் போட்டதும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று.

வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வாசலில் கயல்விழி ஒரு அண்டா நிறையத் தண்ணீர் வைத்திருந்தாள். காடு போய் வந்தவர்கள் வரிசையாகக் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்கள். நைனா அண்டா பக்கத்தில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே ஒவ்வொருவருக்கும் செம்பில் மொண்டு ஊற்றினார். வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை.

கடைசியாக இசபெல்லா வந்தாள். டாக்ஸி டிரைவர் முனையில் ஒரு தடவை ஹார்ன் அடித்தான். அவள் அதைப் பொருட்படுத்தாமல் படியில் உட்கார்ந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மண்ணேறிய செருப்பைக் கழற்றினாள். காலை நீட்டினாள். நைனா குனிந்து தண்ணீர் ஊற்றினார். சாம்பல் நிறத் தூள் கரைந்து ஓடியது.

குள்ளமான, அகலமான பாதம். பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். அம்மாவுக்கும் அப்படித்தான்.

நைனாவின் கை அப்படியே நின்றுவிட்டது. செம்பு காலியாகிவிட்டிருந்தது. சேரன் அதை அவரிடமிருந்து வாங்கி, அண்டாவில் மொண்டு, இசபெல்லாவின் இன்னொரு காலுக்கும் ஊற்றினான்.